கரண்ட் மாமியின் பெற்றோல்

ஒரே வள்ளத்துக்கு இரண்டு விதமான எஞ்சின் பூட்டலாம் என்ற யோசனை எனக்குக் கடலில் வரவில்லை. கரண்ட் மாமி தன்னுடைய காருக்குக் கன்னத்தில் அறைந்தபோது வந்தது.

அன்று காலை அவ வழக்கம்போலச் சத்தமில்லாமல் காரைக் கேற்றுக்கு வெளியே பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தா. நான் எங்கள் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரத்தில் போகும்போது அந்தக் காரிலிருந்து வருவது ரயருக்குக் கீழே மணல் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். திடீரென்று பொனட்டுக்குள் ஏதோ செருமியது. பிறகு உறுமியது. கோழிகள் நாலா பக்கமும் சிதறின. பெற்றோல் எஞ்சின் தானாகவே எழும்பிவிட்டது.

மாமி காரை நிறுத்தி இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து பொனட்டில் ஒன்று போட்டா.

“ஆர் உன்னைக் கூப்பிட்டது?”

“மாமி, அது பழுதில்லை,” என்றேன். “கனநாளா எரிக்காத பெற்றோல் பழசாகிப்போகுமெண்டு காரே தானா எஞ்சினை ஓட்டி எரிக்குது. திரையிலை எழுதிக் கிடக்கு, பாருங்கோ.”

“பழசாமோ? நானும்தான் பழசு. என்னையும் எரிக்கச் சொல்லன்.”

“உதை நிப்பாட்ட ஏலாது மாமி. அது முடிச்சுப்போட்டுத்தான் படுக்கும்.”

கார் எரித்து முடிக்கும்வரை அவ பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றா. வீட்டுக்குள் புகுந்த ஒருவன் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போவதைக் கையாலாகாமல் பார்க்கிற முகம். எனக்கோ வேறு யோசனை. ஓருடம்பில் இரண்டு மிருகம். ஒன்று வேலை செய்ய மற்றது படுத்திருக்கலாம். ஒன்று செத்தால் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் அப்பாவின் வள்ளத்தில் இருப்பதோ மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரேயொரு எஞ்சின். அது செத்தால் துடுப்பும் தெய்வமும்தான்.

அப்போது நான் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்றால், நாட்டில் பெற்றோல் இல்லையென்று கம்பசை, அதுதான் பல்கலைக்கழகத்தை, மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வல்வெட்டித்துறையில் ஒரு பெட்டை வேலையில்லாமல் கார் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்பது உங்களுக்கே விளங்கும். மாமி மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. “விரலைப் பார்த்து வை” என்று மட்டும் சொல்லுவா.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அனுப்பியது நோர்வேயில் இருக்கிற மாமியின் மகன். அவனுக்கு அங்கே கார் திருத்துகிற வேலை. லீவில் வந்தால் தான் ஓடலாம் என்ற கள்ள எண்ணத்தோடு, தாய்க்கென்று சொல்லி, இறக்குமதிக்குத் தடை வருவதற்கு முன்னர் இறக்கிவிட்ட குடும்பக் கார். ஐந்து பேர் இருக்கலாம். மாமியின் குடும்பம் அப்போது மாமியும் கோழிகளும்தான்.

முன் சில்லுகளைச் சுழற்றுவது சின்னப் பெற்றோல் எஞ்சின். ஆனால் அதற்குக் காற்றை ஊதித் தள்ள ஒன்றுக்கு இரண்டு ஊதிகள்: மெல்லப் போகையில் ஒன்று, வேகம் பிடிக்கையில் மற்றது. பின் சில்லுகளுக்கு மின் மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் தண்டு ஒன்றும் இல்லை; தண்டு ஓடவேண்டிய இடத்தில் பற்றரி நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது. ஒருவரையொருவர் தொடாத மாப்பிள்ளை பொம்பிளையை ஒரு கொம்பியூட்டர் நடுவில் நின்று சேர்த்து வைத்திருக்கிற கலியாணம் அது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனம் வைத்தால் நானூறுக்குக் கிட்டக் குதிரைவலு. அவ்வளவு வலுவையும் பருத்தித்துறை வீதியில் வைத்திருப்பது கிணற்றுக்குள் சுறா வளர்ப்பது மாதிரி.

அந்தச் சுறாவை ஒருநாளாவது நீந்தவிட்டுப் பார்க்கவேண்டும் என்பது என்னுடைய ஆசை. அது கிணற்றுக்குள்ளேயே அமைதியாகக் கிடக்கவேண்டும் என்பது மாமியின் விரதம். பற்றரியில் ஓடுவா, வீட்டுக்கு வந்து வயரைச் செருகுவா, மறுபடி பற்றரியில் ஓடுவா. பெற்றோல் தாங்கி விளிம்பு முட்ட நிரம்பியபடி கிடக்கும். அதனால்தான் கரண்ட் மாமி. அவவின் உண்மைப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் ஒழுங்கையிலேயே பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது.

பற்றரி நிரம்பியிருந்தால் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்த் திரும்பி வரலாம். மட்டுமட்டாகத்தான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஏசி போடக்கூடாது. பாட்டுப் போடலாம், சத்தமாக இல்லை. திரையில் ஒரு கோடு இருக்கும். காலை அதிகம் அமத்தினால் ஊசி அந்தக் கோட்டைத் தாண்டும், தாண்டினால் எஞ்சின் எழும்பும். மாமி வீதியைப் பார்த்ததைவிட அந்தக் கோட்டைப் பார்த்ததுதான் கூட. ஒருமுறை அவவோடு ரவுணுக்குப் போனேன். சித்திரை வெயில், கண்ணாடிகள் இறக்கிவிட்டபடி, இருவரும் அவித்த இடியப்பம் மாதிரி இருந்தோம். தொண்டைமானாறு தாண்டியதும் பின்னால் வெங்காயம் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று கோணடித்து எங்களை முந்தியது. முந்துகிறபோது அதை ஓட்டியவர் குனிந்து பார்த்தார்.

“என்னம்மா, தள்ளிவிடவோ?”

“தள்ளுறதெண்டால் திரும்பி வரேக்கை தள்ளு, தம்பி,” என்றா மாமி. “அப்பதான் தேவைப்படும்.”

நான் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டேன். நானூறு குதிரை. ஒரு லான்ட்மாஸ்டர்.

கார் மட்டும் என்றில்லை, அவவின் வீட்டில் எதுவுமே அரையில் நிற்காது. காஸ் சிலிண்டர் இரண்டு; ஒன்று பாவிக்க, ஒன்று பார்த்துக்கொண்டிருக்க. தண்ணீர்த் தாங்கி வழிந்தால்தான் மோட்டரை நிறுத்துவா. சுடுதண்ணீர்ப் போத்தல் எந்த நேரமும் நிறைந்திருக்கும். ஒரு கோப்பை ஊற்றிவிட்டு அடுத்த கோப்பைக்கு முதல் கேத்திலை வைப்பா. “உங்கடை ஃபோனிலை அரைவாசிதான் சார்ச் இருக்கு, மாமி” என்று பகிடிக்குச் சொன்னால் போதும், கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போவா.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது, அந்தக் காரின் முன்பெட்டியைத் திறந்து காப்புறுதித் துண்டைத் தேடியபோது. உள்ளே வாசனைத் தைலம் வருகிற பழைய சென்ற் போத்தல் ஒன்று. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். பெற்றோல்.

“மாமி, உது வெடிச்சால் நாங்கள் ரெண்டு பேரும் நேரை கீரிமலைக் கடலுக்குத்தான். சாம்பலாய்.”

“வெடிக்காது. நிழலிலைதானே விடுறன்.”

“உது என்னத்துக்கு?”

“ஸ்ராட் பண்ண.”

“இதிலை காபரேற்றரே இல்லை மாமி. எங்கை ஊத்துவியள்?”

“அது உன்ரை வேலை,” என்றா. “ஊத்துறதுக்கு ஒரு இடம் கண்டுபிடி. போத்தலை நான் வைச்சிருக்கிறன்.”

பிறகு தானாகவே சொன்னா. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்கள். ஊரில் எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் பிடிக்காது. முதலில் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அதனால் அந்த நாலு துளிக்குப் பவுணின் மரியாதை. சென்ற் போத்தலில், ஊசிமருந்துக் குப்பியில் வைத்துப் பொத்திப் பொத்திப் பாவித்தார்கள். மாமியின் மனிசனிடம் ஏ-போட்டி என்று சொல்லுகிற ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. அதற்கும் ஒரு சென்ற் போத்தல்.

“எனக்கு வயித்துக்குத்துத் தொடங்கினாப்போலை என்னைப் பின் சீற்றிலை ஏத்தியாச்சு. மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகோணும். மனிசன் போத்தலைத் திறந்து பார்க்குது, காஞ்சுபோய்க் கிடக்கு. ஏனெண்டு கேளன்.”

“ஏன்?”

“முதல்நாள் பின்னேரம் கூட்டாளிமாருக்கு எஞ்சின்ரை சத்தம் கேட்கவைச்சுக் காட்டினவராம். தன்ரை கார் எவ்வளவு கெதியாய்ப் பிடிக்குதெண்டு. பிடிச்சுக் காட்டி, நிப்பாட்டி, பேந்தும் பிடிச்சுக் காட்டி...”

“பிறகு?”

“பிறகென்ன? தள்ளினாங்கள். ஒழுங்கை முழுக்கத் தள்ளினாங்கள். வைரவர் கோயிலடி வரேக்கை அவன் பிறந்திட்டான். பின் சீற்றிலை. தள்ளினவங்களுக்கு வேர்வை. எனக்குப் பிள்ளை.”

அப்படிப் பிறந்தவன்தான் நோர்வேக்காரன். எஞ்சின் பிடிக்காததால் காரில் பிறந்த ஒருத்தன், ஒன்று பிடிக்காவிட்டால் மற்றது பிடிக்கிற காரைத் தாய்க்கு அனுப்பியிருக்கிறான். இதை நான் மாமிக்கு எடுத்துச் சொன்னேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அவ என்னை மேலும் கீழும் பார்த்தா.

“அவன் அனுப்பினது வேகமாய் ஓட. நான் வைச்சிருக்கிறது ஓடாமல் இருக்க. நீ ஏன் ரெண்டையும் முடிச்சுப் போடுறாய்?”

பெற்றோல் வரிசைக் காலத்தில் ஊர் அவவைச் சும்மா விடவில்லை. கிழமைக்கு ஒருமுறை, வாகன எண்ணின்படி பங்கு கிடைக்கிற நாளில், மாமி போய் வரிசையில் நிற்பா. ஓட்டோக்காரர்கள், மோட்டார்சைக்கிள்காரர்கள் எல்லாம் துளி இல்லாமல் உருட்டிக்கொண்டு வந்து நிற்க, இவ நிறைந்த தாங்கியோடு போய் நிற்பா. அந்தக் காரில் பெற்றோல் மூடியைச் சும்மா திறக்க முடியாது. தாங்கி காற்றுப் புகாமல் அழுத்தத்தில் மூடப்பட்டிருக்கும். பெற்றோல் ஆவியாய்ப் போகாமலிருக்க அப்படி. உள்ளே ஒரு பொத்தானை அமத்தவேண்டும், தாங்கி ஆறுதலாகப் பெருமூச்சு விடும், அதன் பிறகுதான் திறக்கும். பின்னால் நூறு பேர் கோணடிக்க, முன்னால் அந்தப் பெருமூச்சு. பெற்றோல் செட்காரப் பெடியன் குழாயை வைத்த உடனேயே டிக்கென்று நின்றுவிடும்.

“அம்மா, நிரம்பிக் கிடக்கு.”

“நிரம்பிக் கிடக்கெண்டு எனக்குத் தெரியும். எவ்வளவு நிரம்பிக் கிடக்கெண்டு பார்.”

கார் தன் பாட்டில் எரித்துவிட்ட அந்தச் சொச்சத்தை நிரப்பிக்கொண்டு, குழாய் நுனியில் தொங்குகிற துளிகளைச் சென்ற் போத்தலில் பிடித்துக்கொண்டுதான் வருவா. போத்தலில் இருந்த பழையதை வீட்டில் கறையான் புற்றுக்கு ஊற்றுவா. ஊரார் வயிறெரிந்ததற்கு நியாயம் இருந்தது. எங்கள் அப்பாவே தேத்தண்ணீர்க் கடையில் சொல்லியிருக்கிறார்: “உந்த மனிசி செத்தாலும் பெட்டிக்குள்ள ஒரு கான் பெற்றோல் வைச்சுத்தான் மூடவேணும்.”

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஒருநாள் நேரே போய்க் கேட்டார். மண்ணெண்ணெய் கிடையாமல் வள்ளங்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்த நேரம். வள்ளத்து எஞ்சினுக்கு ஒயில் கலந்து பெற்றோலும் விடலாம்.

“அக்கா, ஒரு கான் தாங்கோ. மீனாய்த் திருப்பித் தாறன்.”

“தரமாட்டன்.”

“சும்மாதானே கிடக்கு.”

“சும்மா கிடக்கேல்லை. அவசரத்துக்குக் கிடக்கு.”

“எது அவசரம்?”

“வரேக்கை தெரியும்.”

சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து அவவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். அந்தத் தாங்கியில் கிடப்பதை ஒருநாளும் ஒருவரும் எரிக்கப்போவதில்லை, காரே எரித்துத் தள்ளப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

சோளகக் காற்று பிடித்துவிட்ட ஒருநாள், மிச்சம் மீதி மண்ணெண்ணெயை வழித்து எடுத்துக்கொண்டு அப்பாவும் கூட்டாளி ஒருவரும் பின்னேரம் கடலுக்குப் போனார்கள். விடிய வரவேண்டியவர்கள் வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. எங்கள் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிற காற்று. எஞ்சின் செத்த வள்ளத்தை அது வெளியே வெளியேதான் கொண்டுபோகும். அறிவிக்கவேண்டிய இடமெல்லாம் அறிவித்தாயிற்று. தேடிப்போகச் சித்தப்பாவின் வள்ளம் கரையில் நின்றது. அதன் தாங்கி காய்ந்துபோய்க் கிடந்தது. மற்ற வள்ளங்களும் அப்படியே. ஆட்கள் வெறும் கான்களோடு நின்று ஆளையாள் பார்த்தார்கள். அம்மா மணலில் இருந்துவிட்டா.

நான் மாமியின் வீட்டுக்கு ஓடினேன். ஓடுகிறபோதே என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு ஓடினேன். கேற்றடியில் அவ ஏற்கெனவே கார்த் திறப்புக் கொத்தோடு நின்றா.

“மாமி, நீங்கள் அண்டைக்குச் சித்தப்பாவுக்குச் சொன்னியள், அவசரத்துக்கெண்டு...”

“வாயை மூடிக்கொண்டு உந்தத் தண்ணி ரியூப்பை எடுத்துக்கொண்டு ஏறு.”

கரைக்குப் போய்ப் பொத்தானை அமத்தினா. தாங்கி பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சை நான் அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான். மூடி திறந்ததும் சித்தப்பா ரியூப்பை உள்ளே விட்டார். போகவில்லை. முறுக்கி விட்டார். போகவில்லை. கள்ளர் உறிஞ்சாமல் இருக்க அந்தக் காரின் கழுத்துக்குள் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் இரும்பு அலவாங்கோடு வந்தார், கீழாலே தாங்கியில் ஓட்டை போடலாமென்று.

“காரிலை அலவாங்கை வைச்சால் உன்ரை மண்டையிலைதான் முதல் ஓட்டை,” என்றா மாமி. பிறகு என் பக்கம் திரும்பினா. “நீ படிச்சனிதானே. எடு.”

படித்ததெல்லாம் பரீட்சைத் தாளில் எழுதத்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். யோசித்தேன். தாங்கிக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. அது பெற்றோலை முன்னுக்கு எஞ்சினுக்குத் தள்ளுகிறது. மேலால் எடுக்க முடியாவிட்டால், அது தள்ளுகிற வழியிலேயே எடுத்தால் என்ன? பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் போகிற பெற்றோல் குழாயைக் கழற்றி, எங்கள் ரியூப்பை அதில் செருகிக் கானுக்குள் விட்டேன். வேறு காரென்றால் சூட்டில் தீப்பிடித்திருக்கும். இந்த எஞ்சின் ஓடியே பழக்கமில்லை; குளத்துக் கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

மாமி உள்ளே இருந்து, எஞ்சினை எழுப்பத் திரையில் முழுவேகத்துக்கான தெரிவை அமத்தினா. அவவின் வாழ்க்கையிலேயே முதல்தடவை. பம்ப் ஒருக்கால் முனகியது, கானுக்குள் ஒரு கோப்பையளவு பெற்றோல் சீறியது, கார் எஞ்சின் பிடிக்கவில்லையென்று சிவப்பு எழுத்தில் அலறிவிட்டு நிறுத்திவிட்டது. திரும்பவும் அமத்தினா. திரும்பவும் ஒரு கோப்பை. பிறகு கார் அதற்கும் சம்மதிக்கவில்லை. கொம்பியூட்டர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே படுத்துவிட்டது.

“பின் சீற்றைத் தூக்கவேணும், மாமி. பம்ப்பின்ரை வயர் அதுக்குக் கீழைதான்.”

அவ திரும்பிப் பின் சீற்றைப் பார்த்தா. அதில் யாரும் இருந்ததேயில்லை. கப்பலில் வந்த பொலித்தீன் கவர்கூடக் கழற்றவில்லை.

“எங்கடை குடும்பத்துக்கு எல்லாம் பின் சீற்றிலைதான்,” என்று சொல்லி, பொலித்தீனைத் தன் கையாலேயே கிழித்தா.

சீற்றைத் தூக்கி, மூடியைத் திறந்து, பம்ப்பின் வயரைக் கழற்றினேன். சித்தப்பாவின் வள்ளத்து விளக்குப் பற்றரியைத் தூக்கி வந்து அதிலிருந்து நேரே பம்ப்புக்குக் கரண்ட் கொடுத்தேன். பொறி பறந்தாலும் அது பின்னால். பெற்றோல் வருவது முன்னால். வள்ளத்தின் பற்றரி காருக்கு உயிர் கொடுக்க, கார் வள்ளத்துக்குப் பால் கறந்தது. கான் நிரம்பியது. அடுத்த கானை வைத்தோம், பிறகு அதற்கடுத்தது, தாங்கி காயுமட்டும். நான் வாங்கிய நல்ல மார்க்குகள் எல்லாவற்றையும்விட அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

ஒயில் கலந்து வள்ளத்துத் தாங்கியில் ஊற்றிச் சித்தப்பா கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. திரும்ப இழுத்தார். இருமியது. பெற்றோல் பழசு. கார் எத்தனையோ தரம் எச்சரித்தது சரிதான். மாமி சேலையோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிப் போனா. கையில் சென்ற் போத்தல்.

“காபரேற்றரைத் திற.”

திறந்தார். நாலு துளி, போன கிழமைப் புதுப் பெற்றோல். இழுத்தார். பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு பழசும் எரிந்தது, புகைத்துக்கொண்டு, முறைப்பாடு சொல்லிக்கொண்டு.

வள்ளம் போனபிறகு மாமி காருக்குள் ஏறி இருந்தா. ஊசி அடியில் கிடந்தது. எரிபொருள் இல்லை, நிரப்பவும் என்று திரை சொன்னது. “தெரியும்,” என்றா அதற்கு. பிறகு அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, கண்ணாடிகளை உயர்த்தி, ஏசியைப் போட்டா. நான் வெளியே நின்று அதைப் பார்த்தேன். அவ ஏசி போட்டு நான் கண்டது அதுதான் முதல்.

மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு வள்ளமும் வந்தன, ஒன்றை மற்றது கட்டி இழுத்தபடி. அப்பாவின் உதடுகள் உப்பு பூத்து வெடித்திருந்தன. இறங்கியதும் தண்ணீர் கேட்கவில்லை.

“எங்காலை பெற்றோல்?”

“கரண்ட் மாமி தந்தவ,” என்றார் சித்தப்பா.

“பொய் சொல்லாதை.”

அடுத்தநாள் அப்பா ஷேட் போட்டுக்கொண்டு அவவின் வீட்டுக்குப் போனார். கேற்றடியில் நின்று கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார்.

“ஆர் கேட்டாலும் நீங்கள் தரமாட்டியள் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான், அக்கா.”

“இப்பவும் அப்பிடியே சொல்லு,” என்றா மாமி. “இல்லாட்டி எல்லாரும் வந்து கேட்பாங்கள்.”

தாங்கி வெறுமையாய்க் கிடந்த அந்தக் கிழமைகளில் அவவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குழாயை நான் திருப்பிப் பூட்டிவிட்டேன். கார் கரண்டில் நன்றாகவே ஓடியது. ஆனாலும் அவவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரிசையில் இப்போது ஆட்கள் முன்னுக்கு விட்டார்கள். செட்காரப் பெடியன் குழாயை வைத்தான், டிக்கென்று நிற்கவில்லை. பங்கு முடியுமட்டும் ஓடியது. “இன்னும் கொள்ளும்போலை கிடக்கு, அம்மா” என்றான். அவ சிரிக்கவில்லை. தாங்கி திரும்ப விளிம்பு முட்டிய அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் தந்தா, வழிய வழிய.

பிறகு மகனுக்குக் கலியாணமாகிப் பேரப்பிள்ளை வர, நோர்வேக்குப் போகவேண்டி வந்தது. காரை மகனே கொழும்பில் ஒருவருக்கு விற்க ஒழுங்கு பண்ணியிருந்தான். கட்டுநாயக்காவுக்கு அவவை ஏற்றிப்போய் விட்டுவிட்டு, அப்படியே காரைக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கிளிநொச்சிக்குக் கிட்டப் பற்றரி முடிந்தது. எஞ்சின் எழும்பியது. மாமி நெஞ்சில் கை வைத்தா, ஆனால் திட்டவில்லை.

“பாவம், ஓடட்டும்.”

வவுனியாவுக்குக் கிட்ட வீதி நேராக, ஆளரவமில்லாமல் கிடந்த இடத்தில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னா: “ஒருக்கா அமத்து. ஓடிப் பார்த்தனீங்களோ எண்டு அவன் கேட்பான்.”

அமத்தினேன். முதலில் சின்ன ஊதி விசிலடித்தது, பெரியது பின்னால் வந்து சேர்ந்தது, பின் சில்லுகள் எங்களை முதுகில் பிடித்து எறிந்தன. மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுறா நீந்தியது. எனக்கு வாய் காதுவரை போயிருக்கவேண்டும்.

“காணும், காலை எடு,” என்றா. நான் காலை எடுத்தேன். “இப்ப விளங்குது.”

“என்ன, மாமி?”

“உதை ஏன் நான் ஓடவிடேல்லை எண்டு.”

விமானநிலையத்தில் சென்ற் போத்தலை எடுத்து என் கையில் வைத்தா. உள்ளே விடமாட்டார்களாம், விசாரித்திருக்கிறா. “காயவிடாதை” என்று மட்டும் சொன்னா.

இப்போது அங்கே மகனிடம் இருப்பது முழுக்க மின்சாரக் கார். போன கிழமை குரல் செய்தி அனுப்பியிருந்தா, பின்னால் குழந்தை அழுகிற சத்தத்தோடு: “இதிலை ஒண்டுமே நிரப்ப ஏலாது, பிள்ளை. மூடியே இல்லை. சுத்திச் சுத்திப் பார்த்தன்.”

நான் படிப்பை முடித்துவிட்டேன். வேலைக்கு விண்ணப்பிக்கவேண்டிய நேரத்தில் அப்பாவின் வள்ளத்தின் பின்பக்கத்தைக் குடைந்துகொண்டிருக்கிறேன். விபத்தில் நசுங்கிய ஒரு ஹைபிரிட் காரின் பற்றரியைப் பிரித்தெடுத்து, தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து, மண்ணெண்ணெய் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மின் மோட்டாரைப் பூட்டியிருக்கிறேன். பூட்டினதெல்லாம் கரையில் சுழலுகிறது. கடல் என்ன சொல்லுமென்று தெரியாது. நாளைக்குக் காலை, காற்று எழும்புவதற்கு முதல், அப்பாவும் நானும் கொண்டுபோகிறோம். வலை போடுகிற இடம்வரை கரண்டில் போய்க் கரண்டில் திரும்புவதுதான் திட்டம்.

அப்பா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். ஒரு கான் பெற்றோல், விளிம்பு முட்ட நிரப்பி, வள்ளத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏறமாட்டாராம். இன்று பின்னேரம் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். குழாய் நுனியில் தொங்கிய துளிகளைச் சென்ற் போத்தலில் பிடித்தேன். செட்காரப் பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நாளைக்கு நான் செய்து பார்க்கப்போவது அவ்வளவுதான்: அந்தக் கானை நிரம்பினபடியே திரும்பக் கரைக்குக் கொண்டுவருவது.